ஏழாம் பக்கத்து இன்ஷிராஹ்

"ஹாஜியார்கிட்ட கொஞ்சம் கொடுக்கறீங்களா? அல்-மர்ஸா பேப்பர்லேருந்து பேசறேன்."

இப்படிக் கேட்டுவிட்டு இன்ஷிராஹ் வாயில் இருக்கும் துர்முஸ் பருப்பை மெல்லுவதை நிறுத்திவிடுவார். மறுமுனையில் என்ன சொல்கிறார்கள் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். எப்படிச் சொல்கிறார்கள் என்பதைத்தான் கேட்கிறார். முதலில் ஒரு மௌனம், அப்புறம் ஒரு தேம்பல், சில வீடுகளில் நேராக வசவு. "அல்லா பொறுமையைக் கொடுக்கட்டும்மா, கேக்கக் கூடாத நேரத்துல கேக்கறேன், மன்னிச்சுக்கங்க. எத்தனை மணிக்குப் போனாரு?" என்று கேட்டு, பென்சிலால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பருப்பின் தோலைக் காகிதத்தில் துப்பிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவார்.

செத்தவரையே தொலைபேசிக்குக் கூப்பிடுவது அவர் வழக்கம். உயிரோடு இருந்தால் அவரே வந்து பேசட்டுமே என்பது அவர் வாதம். இருபத்தாறு வருடத்தில் அப்படி மூன்று பேர் வந்து பேசியிருக்கிறார்கள். ஒருவருக்குப் பங்காளி வஞ்சம் தீர்க்க மரண அறிவிப்பு கொடுத்திருந்தான். இன்னொருவருக்குப் பெயர்க் குழப்பம். மூன்றாமவர் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. தன் சாவுக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டு, தானே அறிவிப்பை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருந்தார். இன்ஷிராஹ் அவரிடம், "இப்ப கோடை லீவு, ஊர்ல பாதிப் பேர் இல்ல. குளிர்காலம் வரைக்கும் இருங்க, கூட்டம் நல்லா வரும்" என்று சொன்னதாக அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. கேட்டால் மறுக்கமாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

எங்கள் அல்-மர்ஸாவின் ஏழாம் பக்கம் மரண அறிவிப்புப் பக்கம். அலெக்சாந்திரியாவில் காலையில் காப்பியோடு பத்திரிகையைப் பிரிக்கிறவர்கள் முதல் பக்கத்தைத் தாண்டி நேராக அங்கேதான் போவார்கள். செத்தவர் பெயர் மட்டும் போட்டால் யாருக்கும் திருப்தி இல்லை. யாருக்கு மகன், யாருக்குத் தகப்பன், யாருக்கு மாமனார், எந்தெந்தக் குடும்பங்களுக்குச் சம்பந்தி என்று வரிசையாக வரவேண்டும். அந்த வரிசைக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அந்த வரிசையைச் சரிபார்த்து, வெட்டி, ஒட்டி, சண்டை பிடித்து ஒழுங்குபடுத்துவதுதான் இன்ஷிராஹ் ஹம்மூதாவின் வேலை.

வயது ஐம்பத்தேழு. கனத்த உடம்பு. வந்ததும் காலணியைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, கம்பளிக் காலுறையோடுதான் நாள் முழுக்க நடமாடுவார். ஆகஸ்டு மாதத்திலும் அப்படியே. கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்கும். ஒன்று பெயர்களைப் படிக்க, மற்றது வந்து நிற்கிறவர்களின் முகத்தைப் படிக்க என்பார். பட்டங்களின் மேல் அவருக்கு அடங்காத கோபம். பாலிடெக்னிக் பக்கம் போகாதவனைப் பொறியாளர் என்பார்கள், பட்டாளத்துச் சமையற்காரரைப் படைத்தலைவர் என்பார்கள். "உயிரோட இருக்கறப்ப குடுக்காத பதவிய செத்தப்புறம் நான் எதுக்குக் குடுக்கணும்?" என்று ஒரே கோடாக அடித்துவிடுவார்.

இவரைப் பார்த்தால் கணினியைக் கண்டு அஞ்சும் பழைய ஆள் என்றுதான் நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன். 'கடல் ரோஜா' என்ற பெயரில் பேஸ்புக்கில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அதில் ஊர்க் கல்யாணப் படங்களை எல்லாம் துருவித் துருவிப் பார்த்து, யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துகொள்வார். கல்யாணப் படத்தில் மணமகளுக்குப் பக்கத்தில் நிற்கிறவளைச் சாவு அறிவிப்பில் காணவில்லை என்றால் உடனே தொலைபேசியைக் கையில் எடுத்துவிடுவார்.

"எனக்கு இன்டர்நெட்டோட என்ன சண்டை? கேக்காம போடறானே, அவனோடதான் சண்டை" என்பார். அவன் என்பது நான். பத்திரிகையின் இணையதளத்தை நடத்துவது என் வேலை. அதை அவர் இணையதளம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'உன் சுவரு' என்றுதான் சொல்வார். எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது, தலையில் முடி இல்லை, இருந்தாலும் அவருக்கு நான் தம்பிதான். "உன் சுவத்துல யார் வேணா வந்து கிறுக்கிட்டுப் போறான் தம்பி. நீ சுண்ணாம்பு அடிச்சுட்டு அடுத்தவனைக் கூப்பிடறே."

நானும் சும்மா இருந்ததில்லை. தவறு இருந்தால் எங்களால் ஒரு நொடியில் திருத்த முடியும், உங்களால் முடியுமா என்று கேட்டிருக்கிறேன். "அதான்டா வியாதியே. ஒரு நொடியில திருத்தலாம்னு தெரிஞ்சவன் முன்னாடியே யோசிக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும். பதில் கிடைக்காத எரிச்சல்தான் என்று இப்போது சொல்லலாம்.

போன மாசிக் குளிரில் நிர்வாகம் ஒரு படிவத்தை இணையத்தில் போட்டது. மரண அறிவிப்புகளைக் குடும்பத்தாரே நிரப்பலாம். அழுத்தினால் என் தளத்தில் அப்போதே ஏறிவிடும், மறுநாள் அதே வாசகம் ஏழாம் பக்கத்திலும் வரும், நடுவில் யார் கையும் படாது. மேலாளர் வக்திக்கு அதில் ஒரே பெருமை. "இனிமே நீங்க அலைய வேண்டாம் மேடம், ஃபோன் பண்ண வேண்டாம்" என்றார். "எடிட் பண்ண வேண்டாம்னு சொல்றீங்க" என்றார் இன்ஷிராஹ். ஃபோன் செய்வதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. தளத்தில் ஏறிய பிறகும் வீடு வீடாகக் கூப்பிட்டு விசாரித்து, தாளில் வருவதைத் தன் இஷ்டப்படி திருத்திக்கொண்டிருந்தார். வக்தியும் கண்டும் காணாமல் இருந்தார். ஹாஜி தஸூகி இறந்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் இப்படியே ஓடியது.

ஹாஜி தஸூகி கப்பாரிப் பக்கத்தில் பெரிய மரவாடிக்காரர். விடியற்காலை உயிர் போனது. பத்து மணிக்கெல்லாம் மூத்த மகன் ஹம்தி படிவத்தை நிரப்பிவிட்டார். பிள்ளைகள் ஹம்தி, ரிஃபாத், கரீமான். புதன்கிழமை மாலை ஆண்களுக்கு மசூதி மண்டபத்தில் துக்கம் விசாரிப்பு, பெண்களுக்கு வீட்டில். அரை மணி நேரத்தில் என் தளத்தில் நாலாயிரம் பேர் இரங்கல் தெரிவித்திருந்தார்கள். அதற்கு நடுவில் ஒரு வரி வந்தது: 'நான் நவால். நானும் அவர் மகள்தான். என் பெயரைச் சேருங்கள்.' பதினைந்து நிமிடத்தில் ஹம்தியிடமிருந்து வேண்டுகோள் வந்தது, யாரோ விஷமம் செய்கிறார்கள், நீக்கிவிடுங்கள் என்று. குடும்பத்தின் வேண்டுகோளை மறுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. விரலால் ஒரு தட்டு. அந்த வரி போய்விட்டது. நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது இன்ஷிராஹின் மேசைத் தொலைபேசியில் அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். இன்ஷிராஹ் ஒலியைக் கூட்டிவைத்து என்னையும் கேட்கவைத்தார். நவால் அழவில்லை. தமன்ஹூரிலிருந்து பேசினாள். விவாகரத்தான ஒரு ரயில்வே சிக்னல்காரரை அப்பாவின் பேச்சை மீறிக் கல்யாணம் செய்து ஐந்து வருடம் ஆகிறது, அன்றிலிருந்து வீட்டில் யாரும் பேசுவதில்லை. அப்பா போனதே எங்கள் தளத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"பேரைப் போட்டா நாளைக்கு சாயங்காலம் வந்து மத்த பொம்பளைங்களோட உக்காருவேன் மேடம். பேரே இல்லாம எந்த முகத்தோட அந்த வாசப்படி மிதிப்பேன்? யாரோ வேலைக்காரின்னு நினைப்பாங்க. ஒரு வரி எழுதினேன், அதையும் யாரோ அழிச்சிட்டாங்க."

இன்ஷிராஹ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த ஒரு மணி நேரம் அவர் செய்ததுதான் அவர் வேலை. ஹாஜியின் வீட்டுக்கு ஒரு அழைப்பு. நவாலின் சின்னம்மாவுக்கு ஒரு அழைப்பு. அவர் எப்போதும் தாய்வழியில் ஒருவரைக் கேட்காமல் விடமாட்டார், தகப்பன் வீட்டார் மறைப்பதைத் தாய் வீட்டார் மறைக்கமாட்டார்கள் என்பது அவர் அனுபவம். நவால் பெற்ற மகள்தான், ஹம்திக்கு அடுத்தவள் என்று சின்னம்மா சொன்னாள். அதன் பிறகு கம்பளிக் காலுறையோடு பழைய இதழ்கள் இருக்கும் அறைக்குப் போய், ஆறு வருடத்துக்கு முன்னால் ஹாஜியின் மனைவி இறந்தபோது வந்த ஏழாம் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மூன்றரை மணிக்கு ஹம்தி நேரில் வந்தார். அடக்கம் முடித்துவிட்டு வந்த ஆள், காலணியில் மண் ஒட்டியிருந்தது, கண் சிவந்திருந்தது. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தந்தையை இழந்தவர். அவரை உட்காரவைத்து, இன்ஷிராஹ் முதலில் அவருக்கு ஒரு தேநீர் சொன்னார். பிறகு பழைய பக்கத்தை விரித்து வைத்தார்.

"ஆறு வருஷம் முன்னாடி உங்கம்மாவுக்கு நாலு புள்ளைங்க. அதே புள்ளைங்கதானே உங்கப்பாவுக்கும்? ஒண்ணு எங்க?"

அது அப்பாவின் விருப்பம் என்றார் ஹம்தி. அவளைப் பற்றி வீட்டில் பேசவே கூடாது என்று அவர் சொல்லியிருந்தார் என்றார்.

"சொல்லியிருப்பாரு. யார் யாரோட பேசினாங்க, யார் யாரோட கோவிச்சுக்கிட்டாங்கன்னு நான் போடறதில்ல தம்பி. யாருக்கு யார் பொறந்தாங்கன்னு மட்டும்தான் போடறேன்."

ஹம்திக்குப் பொறுமை போயிற்று. ஏற்கெனவே உலகம் முழுக்க இணையத்தில் பார்த்தாயிற்று, நாலாயிரம் பேர் இரங்கல் சொல்லியாயிற்று, இனி உங்கள் ஒரு தாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டார்.

"ஒண்ணும் வராதுன்னா மண்ணு ஒட்டின செருப்போட எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கீங்க?" என்றார் இன்ஷிராஹ்.

ஹம்தி எழுந்து நேராக வக்தியின் அறைக்குள் போனார். ஐந்து நிமிடத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். குடும்பம் கொடுத்தபடி ஓர் எழுத்து மாறாமல் அச்சாக வேண்டும், மீறினால் நாளையிலிருந்து ஏழாம் பக்கத்தை நேராகப் படிவமே பார்த்துக்கொள்ளும் என்றார் வக்தி. எல்லார் முன்னிலையிலும் சொன்னார். இன்ஷிராஹ் எதிர்த்துப் பேசவில்லை. "சரி, அப்படியே போகட்டும்" என்றார். அவர் இவ்வளவு சீக்கிரம் பணிந்து நான் பார்த்ததில்லை. ஏமாற்றமாக இருந்தது, அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இனி யாரும் என் சுவரைக் குறை சொல்ல முடியாதல்லவா.

ஐந்து மணிக்குப் பக்கம் முடியவேண்டும். நாலே முக்காலுக்குப் பக்கம் அமைக்கும் பிஷாராவிடம் போய் நின்றார். எங்கள் ஊர் வழக்கத்தில், குடும்பத்தின் அறிவிப்புக்குக் கீழே நண்பர்களும் சக ஊழியர்களும் தனித்தனியே இரங்கல் வரிகள் போடுவார்கள். இன்னார் இன்னாருடைய துயரத்தில் பங்குகொள்கிறார் என்று இருக்கும். அதைப் போடுகிறவர் கையெழுத்திட்டால் போதும், குடும்பத்தின் சம்மதம் வேண்டியதில்லை. அல்-மர்ஸா ஊழியர்களுக்கு மாதம் ஒரு இரங்கல் இலவசம், வக்தியே கையெழுத்திட்ட விதி. இன்ஷிராஹ் தன் மாதப் பங்கை எடுத்துக்கொண்டார்.

'இன்ஷிராஹ் ஹம்மூதா, அன்புக்குரிய திருமதி நவால் தஸூகிக்கு, அவருடைய தந்தை ஹாஜி தஸூகியின் மறைவில் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறார்.'

பிஷாரா அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "மேடம், எனக்கும் இந்த மாசத்துது பாக்கி இருக்கு" என்றார். அவர் கோப்டிக் கிறிஸ்தவர், ஹாஜியை வாழ்நாளில் பார்த்ததில்லை. விளையாட்டுப் பகுதிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் சேர்க்கச் சொன்னார். பிறகு புகைப்படக்காரர், தொலைபேசி இணைப்பில் இருக்கும் அம்மாள், காவல்காரர். நான் கடைசியாகப் போனேன். காலையில் நான் அழித்த வரியை அந்த அறையில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. என் பெயரை எழுதிக் கொடுத்தேன். இன்ஷிராஹ் வாங்கிப் பார்த்துவிட்டு, என் பெயருக்கு முன்னால் நான் போட்டிருந்த 'இணைய ஆசிரியர்' என்பதைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பிஷாராவிடம் நீட்டினார்.

மறுநாள் ஏழாம் பக்கத்தில் மூன்று பிள்ளைகளோடு ஹாஜி தஸூகியின் அறிவிப்பு வந்தது, ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதற்கு நேர் கீழே, கறுப்புக் கட்டத்துக்குள், ஏழு இரங்கல்கள். ஏழிலும் நவால் தஸூகி.

காலை ஒன்பது மணிக்கு அவள் தமன்ஹூர் பேருந்து நிலையத்திலிருந்து பேசினாள். நாலு பிரதி வாங்கியிருக்கிறாளாம், மதிய வண்டியில் கிளம்புகிறாளாம். ஒன்பதே காலுக்கு வக்தி வந்து, விதியை எடுத்துப் படித்து, கீழே தன் கையெழுத்தே இருப்பதைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனார். பத்து மணிக்கு ஹம்தி வந்தார். கையில் பத்திரிகை கசங்கியிருந்தது. விடிந்ததிலிருந்து வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை என்றார். நேற்று நாலாயிரம் பேரில் ஒருவர்கூடக் கேட்காததை இன்று ஊரே கேட்கிறதாம்: நவால் வந்துவிட்டாளா, எப்படி இருக்கிறாள், தகப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தாளா.

"சாயங்காலம் அவ வந்தா வாசல்லயே நிறுத்துவேன். அதுக்கு முன்னாடி மாலைப் பதிப்புல மறுப்பு வரணும். அவ எங்கப்பா மகளே இல்லன்னு வரணும்."

சத்தம் கேட்டு வக்தி கதவருகே வந்து நின்றார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். இந்த முறை இன்ஷிராஹின் வேலை நிச்சயம் போயிற்று என்றுதான் நினைத்தேன். இன்ஷிராஹ் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தார். இணையத்தில் இருப்பது அல்ல, காகிதத்தில் இருப்பது. கீழே கையெழுத்துக்கும் அடையாள அட்டை எண்ணுக்கும் இடம் உண்டு. அதை ஹம்தியின் பக்கம் திருப்பிவைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"நான் எழுதமாட்டேன். நீங்க எழுதுங்க. உங்க கையெழுத்துல எழுதி, கீழ உங்க பேரைப் போடுங்க. நவால் எங்கப்பாவுக்குப் பொறந்தவ இல்லன்னு எழுதுங்க. ஒரு எழுத்தைத் தொடாம சாயங்காலம் போடறேன். ஊர் படிக்கட்டும்."

ஹம்தி உட்கார்ந்தார். நவால் என்று எழுத பேனாவைத் தாளில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். அவர் காது மடல் சிவப்பதை நான் பார்த்தேன். அந்த வரி தங்கையைப் பற்றியது அல்ல, தன்னைப் பெற்றவளின் நடத்தையைப் பற்றியது என்று பேனா தாளில் பட்ட பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இன்ஷிராஹ் அவசரப்படுத்தவில்லை, முகம் படிக்கும் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பாட்டுக்கு அடுத்த அறிவிப்பை எடுத்துத் திருத்தத் தொடங்கிவிட்டார்.

ஹம்தி பேனாவை மேசைமேல் வைத்தார். எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "தமன்ஹூர் வண்டி எத்தனை மணிக்கு வரும்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"மூணு மணிக்கு" என்றார் இன்ஷிராஹ், தலை நிமிராமல்.

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. வக்தி அறைக்குள் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்ஷிராஹ் அந்தப் படிவத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேனா நின்ற இடத்தில் ஒரு நீலப் புள்ளி, வேறொன்றும் இல்லை. உள்ளங்கையால் அதன் சுருக்கத்தை நீவிவிட்டு, வெற்றுப் படிவங்களின் அடுக்கின் மேலேயே திரும்ப வைத்தார்.